அறைக்கொரு சூடு

1

இந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்து முப்பது வருடம் நிறைந்த கிழமையில் எனக்கு வந்த ஒரே கடிதம் வெந்நீர்க் கம்பனியினுடையது. வாழ்த்து அல்ல, முறைப்பாடு. அதையும் தபால்காரர் கொண்டுவரவில்லை. டென்மார்க்கில் அரசாங்கம், கம்பனி என்று கந்தோர்க் கடிதமெல்லாம் இப்போது கணினிக்குள்தான் வந்து விழும். திறப்பதற்கு ஒரு இரகசிய இலக்கம், அந்த இலக்கத்தைப் போட்டவன் நான்தான் என்பதற்கு ரெலிபோனில் இன்னொரு அத்தாட்சி. நான் நான்தான் என்று இரண்டு முறை நிரூபித்து முடிய, உள்ளே இருந்தது இரண்டே வரி. உங்கள் வீட்டிலிருந்து திரும்பி வரும் தண்ணீர் போதிய அளவு ஆறவில்லை. கவனிக்கவும்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு விளங்கப்படுத்த வேண்டும். நான் இருக்கும் இக்காஸ்ட், யூலாந்துக் குடாநாட்டின் நடுவில் ஒரு பழைய துணி ஆலைப் பட்டினம். இங்கே வீட்டுக்கு வீடு தனி அடுப்பு கிடையாது. பட்டினத்துக்கே பொதுவாக ஓரிடத்தில் தண்ணீரைச் சுடவைத்து, நிலத்துக்குக் கீழே குழாயில் வீடு வீடாக அனுப்புகிறார்கள். அது அறைச் சுவரோடு நிற்கும் வெள்ளை இரும்புத் தகட்டுக்குள் ஓடி, சூட்டை அறைக்குக் கொடுத்துவிட்டு, தான் ஆறித் திரும்பிப் போகவேண்டும். அந்தத் தகட்டுக்கு ராடியேற்றர் என்று பெயர். என் வீட்டுத் தண்ணீர் வந்த சூட்டோடு அப்படியே திரும்பிப் போகிறதாம்.

பிழை என்னுடையதுதான். ராடியேற்றரின் பக்கத்தில் ஒரு திருகு, அதில் ஒன்றிலிருந்து ஐந்துவரை இலக்கம். யாழ்ப்பாணத்தில் எனக்குத் தெரிந்த திருகு ஒன்றே ஒன்று, மின்விசிறியின் ரெகுலேற்றர். ஐந்தில் வைத்தால் கெதியாகச் சுற்றும். இந்த நாட்டுக்கு வந்த முதல் பனிக்காலத்தில் அகதி முகாமில் நாலு பேர் ஒரே அறையில் இருந்தோம். வெளியே இருந்து நடுங்கிக்கொண்டு வந்ததும் ஐந்தில் வைப்போம், வேர்த்தால் யன்னலைத் திறப்போம். இந்த ஐந்து வேகம் அல்ல, அறை எத்தனை பாகை சூட்டில் போய் நிற்கவேண்டும் என்பதற்கான குறி என்று எனக்குத் தெரியவந்தது இந்த மாதம்தான். அதுவும் மகள் சொல்லித்தான். இத்தனை வருடமும் நான் டென்மார்க்கில் விசிறி போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்!

எனக்கு ஒரு இடத்தில் ஆறுதலாக இருக்கத் தெரியாது. வேலையிலிருந்து நின்ற பிறகு இன்னும் மோசம். காலையில் எழும்பினால் அறை அறையாகப் போய்த் திருகுகளைத் திருகுவேன். கூட்டுவேன், குறைப்பேன், கைவைத்துப் பார்ப்பேன், திரும்பவும் கூட்டுவேன். மனைவி சுகந்தி ஒருநாள் கேட்டாள்:

"நீங்கள் வீட்டிலை இருக்கிறியளோ, ரோந்து போறியளோ?"

2

எங்கள் ஒரே மகள் நிரோஜா கொப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில், டோஸ்ட்ருப்பில் இருக்கிறாள். கட்டடங்களின் சூடு குளிரை ஆராய்கிற அலுவலகம் ஒன்றில் வேலை. அவளுடைய கதை தமிழில் தொடங்கி டெனிஷில் முடியும். கோபம் வந்தால் தொடக்கமும் டெனிஷ்தான். கடிதத்தை ரெலிபோனில் வாசித்துக் காட்டியதும், "அப்பா, ஒண்டையும் தொடாதைங்கோ. சனிக்கிழமை வாறன்" என்றாள்.

சனிக்கிழமை மூன்று பேருமாகச் சாமான் கடைக்குப் போனோம். ஒரு சுவர் முழுக்கத் தெர்மோஸ்ராற். பழைய திருகைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பூட்டுகிற, பற்றரி போட்ட புதுத் திருகுகள். ரெலிபோனில் இருந்தே ஒவ்வொரு அறையையும் தனித்தனியாகக் கூட்டலாம், குறைக்கலாம். ஒரு வகைக்கு வீட்டு இணையப் பெட்டியோடு இன்னொரு குட்டிப் பெட்டி வேண்டும். ஒரு வகை, யன்னல் திறந்ததைத் தானே கண்டுபிடித்துச் சூட்டை நிற்பாட்டும். ஒன்று வேலை செய்யும்போது சத்தம் போடும், மற்றது போடாது. நிரோஜா ஒவ்வொரு பெட்டியாக எடுத்துப் பின்பக்கத்தை வாசித்தாள். எனக்குத் தலை சுற்றியது.

"உதெல்லாம் ஏன் பிள்ளை? முழு வீட்டுக்கும் சேத்து ஒண்டு இல்லையே?"

"அறைக்கறை பழக்கம் வேறை அப்பா. குசினியிலை சமைக்கிற சூடே காணும். குளியலறைக்குக் காலமை மட்டும்தான் வேணும். ஆக்கள் இல்லாத அறையை ஏன் சுடவைக்கிறியள்?"

"வீடெண்டால் ஒரு வீடுதானே. அறையறையாப் பிரிச்சுப் பாக்க இதென்ன ஆஸ்பத்திரியே?"

"ஃபா!" என்றாள். டெனிஷில் அப்பா. அந்த ஒற்றைச் சொல்லை அவள் இழுக்கும் விதத்தில், வாயை மூடவேண்டிய நேரம் வந்துவிட்டது என்று எனக்குத் தெரியும்.

கடையில் உதவிக்கு நின்ற பெண் எங்களிடம் வந்தாள். வீட்டில் எத்தனை அறை, அதில் எத்தனை அறையில் தினமும் ஆட்கள் படுக்கிறார்கள் என்று கேட்டாள். "ஒன்றில்" என்றேன். பக்கத்தில் நின்ற சுகந்தி மின்குமிழ் அடுக்கியிருந்த பக்கம் திரும்பிவிட்டாள்.

நான் சொன்னது பொய். நாங்கள் இரண்டு அறையில் படுக்கிறோம்.

3

போன வருடம் தை மாதம் நண்பர் ஒருவரின் அறுபதாவது பிறந்தநாள். எங்கள் ஆட்களின் கொண்டாட்டம் தெரியும்தானே. ஒரு மண்டபம், ஒரு ஒலிவாங்கி, வாழ்த்துரைக்கு வரிசையில் பத்துப் பேர். என் முறை வந்தது. வாழ்த்திவிட்டு இறங்கியிருக்கலாம். கையில் ஒலிவாங்கி இருந்தால் எனக்கு நாக்கு நிற்காது. "நானும் சுகந்தியும் வாற வருசத்தோடை இஞ்சத்தைச் சீவியத்தை முடிச்சுக்கொண்டு ஊரோடை போயிருக்கப் போறம்" என்று சொல்லிவிட்டேன். சனம் கைதட்டியது. மண்டபத்தின் மறுகரையில் இடியப்பத் தட்டோடு நின்ற சுகந்தி, அந்தச் செய்தியை முதல்முறையாக அப்போதுதான் கேட்கிறாள்.

ஏன் சொன்னேன்? போகவேண்டும் என்ற எண்ணம் பல வருடமாக என் மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவ்வளவு காலம் ஓடியதால் அவளுக்கும் தெரியும் என்று எப்படியோ நினைத்துக்கொண்டேன். சரி, ஊருக்குப் போனாலாவது அடங்குகிறேனா? கடைசியாகப் போனபோது இரண்டாம் கிழமையே கையில் ரெலிபோனை வைத்து இக்காஸ்டில் மழையா வெயிலா என்று பார்த்துக்கொண்டிருந்தவன் நான். சுகந்தி ஒரு முதியோர் இல்லத்தில் பின்னேர வேலை செய்கிறாள். அந்த வேலை அவளுக்குப் பிடிக்கும். ஓய்வு பெற இன்னும் வருடங்கள் இருக்கின்றன. மகள் இங்கே இருக்கிறாள். இதில் ஒன்றுகூட அந்த மேடையில் என் நினைவுக்கு வரவில்லை.

அடுத்த நாள், "உங்கட குறட்டைக்கு எனக்கு நித்திரை வருகுதில்லை" என்று தலையணையையும் போர்வையையும் தூக்கிக்கொண்டு நிரோஜாவின் அறைக்குப் போனாள். குறட்டை கல்யாணம் கட்டிய நாளிலிருந்து இருக்கிறது.

பிறகு சண்டையும் இல்லை, பேச்சும் இல்லை. சாப்பாடு மேசைக்கு வரும், சாமான் வாங்கப் போவோம், கோயிலுக்குப் போவோம். பிள்ளைக்குத் தெரியக்கூடாது என்பதில் மட்டும் இருவரும் ஒரே கட்சி. நிரோஜா வருகிறாள் என்றால், அன்று காலை சுகந்தி தலையணையைக் கொண்டுவந்து என் கட்டிலில் வைப்பாள். மகளின் கட்டிலுக்குப் புது விரிப்பு போடுவாள். மூக்குக்கண்ணாடி, தைலப் போத்தல், மாற்றுடுப்பு எல்லாம் இடம் மாறும். அந்த ஓரிரண்டு இரவு ஒரே கட்டிலின் இரண்டு கரையிலும் படுப்போம். மகளை ரயிலேற்றிவிட்டு வந்ததும் எல்லாம் திரும்பிப் போகும்.

ஊரில் என் அப்பாவும் அம்மாவும் கோபித்துக்கொண்டால் எங்களை நடுவில் நிறுத்தித்தான் கதைப்பார்கள். "கொப்பரிட்டைச் சொல்லு, சோறு போட்டிருக்கெண்டு" என்பார் அம்மா. அப்பா பக்கத்திலேயே நிற்பார். "கொம்மாட்டைச் சொல்லு, எனக்குப் பசிக்கேல்லையெண்டு" என்பார். நான் ஒருவரிடமும் ஒன்றும் சொல்லத் தேவையில்லை, நின்றால் போதும். மூன்றாம் நாள் இருவரில் ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிடும். எங்களுக்கு அப்படி நடுவில் நிற்க ஆள் இல்லை. ஆறு அறை வீட்டில் இரண்டு பேர் இருக்கிறோம்.

4

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் நிரோஜா ஆறு ராடியேற்றருக்கும் புதுத் திருகு பூட்டினாள். ஒவ்வொன்றும் பூட்டியவுடன் கிர்ர் என்று முனகித் தன்னைச் சரிசெய்துகொண்டது. அவளுடைய அறையில் ராடியேற்றரை அலுமாரி மறைத்துக்கொண்டு நின்றது. அதனால் திருகுக்கு அறையின் உண்மையான சூடு தெரியாது என்று, எதிர்ச் சுவரில் தீப்பெட்டி அளவில் தனியாக ஒரு அளவியையும் ஒட்டினாள். பிறகு ரெலிபோனில் அதற்கான செயலிக்குள் ஒவ்வொரு அறைக்கும் பெயர் வைத்தாள். வரவேற்பறை, குசினி, குளியலறை, சாமியறை, அப்பா அம்மா, நிரோஜா. பெயர் வைத்ததும் செயலி கேட்டது, இந்த அறையில் ஆட்கள் எந்த நேரம் இருப்பார்கள் என்று.

"என்ரை அறைக்குப் பதினாறு பாகை காணும்" என்றாள். "நான் வாற நேரம் மட்டும் கூட்டுவம். டோஸ்ட்ருப்பிலை இருந்தே கூட்டலாம், என்ரை ரெலிபோனிலையும் இருக்கு."

"பதினாறு குளிரெல்லே?" என்றேன்.

"ஆருக்கு?"

சுகந்தி வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றாள். கத்திச் சத்தம் ஒரு கணம்கூட நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் போனதும் சுகந்தி தலையணையைத் தூக்கிக்கொண்டு பதினாறு பாகைக்குள் போனாள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அடுத்த நாள் காலை சுவெற்றருக்கு மேல் சுவெற்றர் போட்டபடி குசினிக்கு வந்தாள். "குளிரோ?" என்று ஒரு சொல் கேட்டிருக்கலாம். கேட்டால் என் அறைக்குத் திரும்பி வா என்று சொல்வது போல ஆகிவிடும் என்று பேசாமல் இருந்தேன். குளிர்கிறது என்று சொன்னால் தோற்றுப்போனதாக ஆகிவிடும் என்று அவளும் பேசாமல் இருந்திருப்பாள். என்ன கண்டறியாத வீம்பு!

அவள் வேலைக்குப் போன நேரம் பார்த்து அந்தத் திருகைக் கையால் இருபத்தொன்றுக்குத் திருப்பினேன். கொஞ்ச நேரத்தில் கிர்ர் என்று அது தன் பாட்டுக்குப் பதினாறுக்குப் போனது. மகள் போட்ட நேர அட்டவணை அப்படி. திரும்பவும் திருப்பினேன். திரும்பவும் கிர்ர். மூன்று நாள் அந்தத் திருகோடு மல்லுக்கட்டினேன். நாலாம் நாள் சுகந்தி இருமத் தொடங்கினாள். பின்னேரம் முழுக்க ஊரார் தாய் தகப்பனுக்குப் போர்வை இழுத்துவிடுகிறவள், வீட்டுக்கு வந்து குளிருக்குள் படுக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

செயலியில் அட்டவணையை மாற்றினால் மகளுக்குத் தெரிந்துவிடும். யோசித்து யோசித்து ஒரு காரணம் கண்டுபிடித்து அவளை அழைத்தேன்.

"பிள்ளை, உன்ரை அறையை இரவிலை இருபத்தொண்டிலை விடு. தோசை மா புளிக்குதில்லை."

பனிக்காலத்தில் இங்கே மா பொங்காது. சட்டியைத் துவாயால் சுற்றி ராடியேற்றருக்குப் பக்கத்தில் வைப்பது எங்கள் வீடுகளின் வழக்கம். நிரோஜா அந்தத் தோசையில் வளர்ந்தவள்.

"அது குசினியிலை வைக்கிறதெல்லே?"

"குசினியிலை அம்மா யன்னலைத் திறந்துபோட்டு மீன் பொரிக்கிறா. உன்ரை புதுத் திருகு உடனை நிண்டுபோகுது. மா அப்பிடியே கல்லுமாதிரிக் கிடக்கு."

இதில் மீனும் யன்னலும் உண்மை. சிரித்துவிட்டு அங்கிருந்தே கூட்டினாள். அந்த அறை சூடானது. சுகந்தி ஏன் என்று கேட்கவில்லை. இருமல் குறைந்தது. கெட்டித்தனமாகச் சமாளித்துவிட்டேன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

5

இரண்டு கிழமை கழித்து ஒரு சனிக்கிழமை காலை, நாங்கள் பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நிரோஜா அழைத்தாள். நான் எப்போதும்போல ரெலிபோனை மேசையில் வைத்து ஒலிபெருக்கியில் போட்டேன்.

"அப்பா, கிழமையிலை எத்தினை நாள் தோசை சாப்பிடுறியள்?"

"ஏனம்மா?"

"ஒவ்வொரு இரவும் அறை இருபத்தொண்டிலை நிக்குது."

"அம்மாக்குத் தோசையெண்டால் விருப்பம்" என்றேன். எதிரில் இருந்த சுகந்தி நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் சுவரிலை ஒட்டின அளவி சூட்டை மட்டும் பாக்கிறேல்லை அப்பா. காத்திலை இருக்கிற ஈரத்தையும் பாக்குது. பூஞ்சணம் பிடிக்குதோ எண்டு நான் அதை ஒவ்வொரு கிழமையும் பாக்கிறனான். இரவு பதினொண்டரைக்கு ஈரம் ஏறத் தொடங்குது, காலமை ஏழு மணிக்கு நிக்குது. அம்மாக்கு வேலையில்லாத நாளிலை பத்து மணிக்கே ஏறுது. தோசை மா மூச்சு விடாது அப்பா."

நான் வாயைத் திறந்தேன். குறட்டை, முதுகு நோ, வேலை நேரம் என்று இன்னும் மூன்று நாலு பொய் கைவசம் இருந்தது. சுகந்தி கையை நீட்டி ரெலிபோனைத் தன் பக்கம் இழுத்தாள்.

"ஓம், நான்தான் படுக்கிறன்" என்றாள். "ஒரு வருசமா."

மகள் டெனிஷில் கேட்டாள், நீங்கள் பிரியப் போகிறீர்களா என்று. அவளோடு படித்த பிள்ளைகளில் பலருக்குத் தாய் ஒரு வீடு, தகப்பன் ஒரு வீடு. அதனால் அந்தக் கேள்வி சுலபமாக வந்தது. குரல் மட்டும் நடுங்கியது.

"இல்லை" என்றாள் சுகந்தி.

"அப்ப நான் போட்ட பதினாறிலையே படுத்தனீங்கள்? ஏன் அம்மா சொல்லேல்லை?"

"ஆரும் கேக்கேல்லை."

மகளைப் பார்த்துச் சொன்ன பதில் அல்ல அது. எனக்கு விளங்கியது. நிரோஜா அழுதுகொண்டே, பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

6

நான் வழக்கம்போல எழும்பப் பார்த்தேன். "இருங்கோ" என்றாள் சுகந்தி. இருந்தேன்.

"அண்டைக்கு மண்டபத்திலை சொல்லமுதல் உம்மட்டைக் கேட்டிருக்கவேணும்" என்றேன். "பிழை விட்டிட்டன் சுகந்தி." ஒரு வருடமாக வாய்க்குள் கிடந்த சொல்.

அவள் மேசையில் சிந்திக் கிடந்த பாண் தூளை விரலால் ஒன்றுசேர்த்தாள்.

"கேட்டிருந்தா வந்திருப்பீரே?" என்றேன்.

"வந்திருப்பன்." யோசிக்கக்கூட இல்லை.

"இப்ப கேட்டால்?"

தேத்தண்ணீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "கோவத்திலைதான் அந்த அறைக்குப் போனனான். கோவம் பங்குனியோடை போயிட்டுது. பேந்து அறைக்காண்டித்தான் இருக்கிறன்."

எனக்கு விளங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்திருக்கும்.

"எங்கட வீட்டிலை நாங்கள் ஏழு பிள்ளையள். பாய் விரிச்ச இடம்தான் அறை. பேந்து உங்களைக் கட்டி வந்தன், அது உங்கட அறை. பேந்து பிள்ளை. ஐம்பத்தெட்டு வயசிலை முதல்முதலா ஒரு கதவு, சாத்தினா உள்ளுக்கை நான் மட்டும். காலமை வெளிச்சம் வரும், பாத்துக்கொண்டு கிடப்பன். ஒருத்தரும் திருகைத் திருகிறதுக்கு வாறேல்லை." கொஞ்சம் சிரித்தாள். "ஊருக்கு வா எண்டு இனிக் கேட்டியளெண்டால், அங்கை எனக்கொரு அறை இருக்கோ எண்டுதான் கேப்பன்."

ஊரில் கட்டப்போகும் வீட்டுக்குள் நான் மனதால் எத்தனையோ தரம் நடந்திருக்கிறேன். வாசல் எந்தப் பக்கம், கிணறு எங்கே, கார் எங்கே நிற்கும் என்று எல்லாம் தெரியும். அதில் அவளுக்கென்று ஒரு அறையை நான் நினைத்தே பார்க்கவில்லை. குசினியை நினைத்திருந்தேன். அதை அவளிடம் சொல்லத் துணிவு வரவில்லை. போகிற கதை இன்னும் முடியவில்லை. எனக்கு இன்னமும் போகத்தான் மனம் அடிக்கிறது. ஆனால் அந்த மேசையில் வேறொரு கேள்விதான் வாயில் வந்தது.

"அறைக்கு எத்தினை பாகை வேணும்?"

"பத்தொன்பது காணும். இருபத்தொண்டு அவிச்சுப்போடும். இவ்வளவு நாளும் போர்வையைத் தள்ளிவிட்டுத்தான் படுத்தனான்."

செயலியைத் திறந்தேன். நிரோஜா என்றிருந்த அறைக்கு டோஸ்ட்ருப்பிலிருந்து பெயர் ஏற்கெனவே மாறியிருந்தது. அம்மா என்று தமிழில் எழுதியிருந்தாள். நான் பத்தொன்பதைப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு தேத்தண்ணீர் ஊற்றி எடுத்துக்கொண்டு போனேன். மற்ற நாளென்றால் காலால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போயிருப்பேன். ஒரு கோப்பையை நிலத்தில் வைத்துவிட்டு, கதவில் தட்டினேன்.

"ஆர்?" என்றாள் உள்ளே இருந்து. வீட்டில் இருப்பதே இரண்டு பேர்.

"நான்தான்."

"பொறுங்கோ."

கட்டில் கிரீச்சிட்டது. யன்னல் திரை இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. எனக்குக் கால் துடித்தது. வரவேற்பறைப் பக்கம் ஒருக்கால் போய்விட்டு வரலாம் போல இருந்தது. போகவில்லை. நின்றேன்.